வேகமாக ஓட்டும் பிள்ளைக்குப் பழைய கார் பார்த்த கதை



போன வாரம் ஆம்பூரில் ஒரு கல்யாணப் பந்தியில் மூன்று பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "டீச்சர், உங்க தங்கச்சி பையனுக்குப் பழைய கார் நீங்கதான் பார்த்து முடிச்சுக் குடுத்தீங்களாமே, என்னென்ன பார்க்கணும்னு எங்களுக்கும் சொல்லுங்க" என்றார்கள். மூன்று பேர் வீட்டிலும் வேகமாக ஓட்டும் பிள்ளைகள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். பதிவு நீளம்தான். மணி அடிக்கும் வரை உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆசிரியர் பயிற்சி முடித்து, சின்ன வகுப்புகளுக்குக் கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஆனால் பழைய கார் பார்ப்பதில் பாதி கணக்கு, மீதி கேள்வி கேட்பது. இரண்டும் எனக்குப் பழக்கம். கூட இரண்டு பேர் துணைக்கு இருந்தார்கள். ஒருவன் நாலாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது வாணியம்பாடியில் மெக்கானிக். இன்னொருவர் எங்கள் தெருவில் இருக்கும், ஓய்வு பெற்ற இயற்பியல் சார்.

தங்கை மகன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறான். சாம்பிள் ஷூவைத் தூக்கிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு தடவை சென்னை போக வேண்டும், சில வாரம் பெங்களூர். சாம்பிள் ஒரு நாள் தள்ளிப் போனால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும் என்பான். "ஆம்பூர்ல எட்டு மணிக்குக் கிளம்பினா பத்தரைக்கு பெரியமேட்டுல இருப்பேன் பெரியம்மா" என்று அவன் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் என் தங்கை முகம் வெளுத்துப் போகும். கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். நடுவில் டோல், சிக்னல், சென்னை நெரிசல் எல்லாம் உண்டு. அப்படியானால் நடுவழியில் அவன் என்ன வேகத்தில் போகிறான் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கம்பெனி வண்டி நின்றுபோய், சொந்தமாகக் கார் வாங்க வேண்டிய நிலை வந்தது. சீட்டுப் பணமும் அவன் சேமிப்பும் சேர்த்து ஆறு லட்சம். தங்கை என்னிடம் வந்தாள். "அக்கா, அவன் வேகத்தை நான் சொல்லி நிறுத்த முடியல. ஏறி உட்கார்ற வண்டியாவது கெட்டியா இருக்கட்டும். நீ கூடப் போ. உன் பேச்சைக் கொஞ்சமாவது கேப்பான்" என்றாள். அவனுக்கு அப்பா இல்லை என்பது உறவுக்காரர்களுக்குத் தெரியும். அவளுக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

முதலில் நான் தெரிந்துகொண்டது இந்த நட்சத்திரக் கணக்கு. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்கும் கார்களை மோதவிட்டுப் பார்த்த முடிவை 2014 ஜனவரியில் முதல் தடவையாக வெளியிட்டது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, வோக்ஸ்வேகன் போலோ என்று ஐந்து வண்டிகள். ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ஜியம். நம் ஊரில் அதிகம் ஓடும் வண்டிகள் அவை.

ஆனால் அந்தப் பூஜ்ஜியங்கள் எல்லாம் ஒரே பூஜ்ஜியம் இல்லை. ஃபிகோவிலும் போலோவிலும் உடற்கூடு நிலையாக நின்றது. மற்ற மூன்றிலும் கூடே நொறுங்கியது. ஏர்பேக் வைத்தாலும் பெரிய பயன் இராது என்றார்கள். இரண்டு ஏர்பேக் வைத்த போலோவைத் திரும்ப மோதவிட்டபோது 4 நட்சத்திரம் கிடைத்தது. அதே கார், அதே ஆண்டு, ஒன்றுக்குப் பூஜ்ஜியம், ஒன்றுக்கு நாலு. ஆகவே பழைய கார் வாங்கும்போது "இந்த மாடல் ஸ்ட்ராங்கான வண்டி டீச்சர்" என்று புரோக்கர் சொன்னால் போதாது. எந்த வருஷம், எந்த வேரியண்ட், எத்தனை ஏர்பேக் என்று கேட்க வேண்டும்.

டாடா நெக்ஸானையும் பாருங்கள். 2018 ஆகஸ்டில் 4 நட்சத்திரம். சில மாற்றங்கள் செய்த பிறகு டிசம்பரில் 5. இந்தியாவில் தயாராகி 5 வாங்கிய முதல் கார் அதுதான். நாலு மாத இடைவெளியில் ஒரு நட்சத்திர வித்தியாசம். இன்னொன்று, 2022இல் தேர்வு முறையையே கடினமாக்கினார்கள். பக்கவாட்டு மோதலும் வேறு சிலவும் மதிப்பெண்ணில் சேர்ந்தன. பழைய பாடத்திட்டத்தில் வாங்கிய 4, புதிய பாடத்திட்டத்தில் வாங்கிய 4 இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது.

இத்தனையும் படித்துவிட்டு மெக்கானிக் பையனிடம் கேட்டேன். அவன் சுருக்கமாகச் சொன்னான். "டீச்சர், 2019 ஜூலைக்கு அப்புறம் தயாரான வண்டியா பாருங்க. அதுக்கு அப்புறம் டிரைவர் ஏர்பேக், ஏ.பி.எஸ்., பெல்ட் போடலன்னா கத்துற சத்தம், வேகம் போனா கத்துற சத்தம், எல்லாம் சட்டப்படி இருந்தாகணும்." 80ஐத் தாண்டினால் விட்டு விட்டுக் கத்தும், 120ஐத் தாண்டினால் விடாமல் கத்தும். நம் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியார் கிடைக்க மாட்டார் என்று அப்போதே முடிவு செய்தேன். பக்கத்து சீட் ஏர்பேக் எல்லா வண்டிக்கும் கட்டாயமானது 2021 கடைசியில்தான். அதனால் அதை மட்டும் தனியாகக் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

மூன்று வண்டி பார்த்தோம்.

முதல் வண்டி வேலூரில் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில். சின்ன கார், டர்போ இன்ஜின், சிவப்பு நிறம். பையன் பார்த்ததும் மயங்கிவிட்டான். மெக்கானிக் சாவியைத் திருப்பி, இன்ஜினை எடுக்காமல் மீட்டரை மட்டும் பார்த்தான். ஏர்பேக் விளக்கு சாவி போட்டதும் சிவப்பாக எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். இதில் எரியவே இல்லை. எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். எரியாமலே இருந்தால் இன்னும் மோசம். ஒரு தடவை வெடித்த ஏர்பேக்கைத் திரும்ப வைக்காமல், விளக்கைப் பிடுங்கி விட்டிருக்கலாம். டயரில் பொறித்த எண்ணின் கடைசி நாலு இலக்கம் 1416. அதாவது 2016ஆம் வருஷம் 14ஆவது வாரம் செய்த டயர். பட்டன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை வருஷம் ஆன ரப்பர் வெயிலில் இறுகி, ஓரத்தில் நூல் நூலாக வெடித்திருந்தது. வேலூர் வெயிலில் 120இல் அந்த டயரோடு போவதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது வண்டி வீட்டு வாசலிலேயே நின்றது. துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். மெக்கானிக், துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தை வைத்து ஒவ்வொரு கதவாகத் தொட்டான். இடது பின் கதவிலும் அதன் பின்பக்கத் தகட்டிலும் காந்தம் ஒட்டவில்லை. உள்ளே கனமாகப் பட்டி. கதவின் பீடிங் ரப்பரை இழுத்துப் பார்த்தால், கம்பெனி போட்ட வெல்டிங் புள்ளிகள் வரிசையாக, ஒரே இடைவெளியில் வட்ட வட்டமாக இருக்க வேண்டும். அங்கே வரிசை கலைந்திருந்தது. பானெட் போல்ட், ஸ்டெப்னிக்கு அடியில் உள்ள தரை, ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் உள்ள கம்பெனி முத்திரை, இவற்றையும் பார்த்தோம். ஒரு கண்ணாடி மட்டும் வேறு கம்பெனி. உடற்கூடு வெட்டி ஒட்டப்பட்ட வண்டிக்கு, விளம்பரத்தில் உள்ள நட்சத்திரம் பொருந்தாது. அது மோதாத வண்டிக்குக் கொடுத்த மதிப்பெண்.

இன்னொரு விஷயம் எல்லோரும் கட்டாயம் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவி விற்பவர்கள் கடைசி ஓரடிப் பெல்ட்டைக் கழுவ மறந்துவிடுவார்கள். சேற்றுக் கறை அங்கே நிற்கும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார் தண்ணீரில் நின்றது என்று பார்த்தோமே. ஏர்பேக்கை வெடிக்கச் சொல்லும் மின்னணுப் பெட்டி பெரும்பாலான வண்டிகளில் இரண்டு முன் சீட்டுக்கு நடுவே, கீழேதான் இருக்கிறது. அதில் தண்ணீர் போயிருந்தால் வேண்டிய நேரத்தில் வேலை செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

மூன்றாவதுதான் முடிந்தது. 2019 கடைசியில் தயாரான டொயோட்டா எட்டியோஸ் செடான், பெட்ரோல். வேலூர்ப் பதிவு, டி.என். 23. ஓய்வு பெற்ற ஒரு அதிகாரி வைத்திருந்தது, 58,000 கிலோமீட்டர் ஓடியது. இந்த மாடல் 2016 சோதனையில் இரண்டு ஏர்பேக்கோடு 4 நட்சத்திரம் வாங்கியது. 2020இல் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் உதிரிப்பாகத்துக்குப் பஞ்சம் இல்லை; டாக்சிக்காரர்கள் ஓட்டி ஓட்டிப் பழகிய வண்டி. "இதே இன்ஜின் மூணு லட்சம் கிலோமீட்டர் தாண்டி என் கடைக்கு வருது டீச்சர்" என்றான் மெக்கானிக்.

இன்ஷூரன்ஸ் தாளில் நோ கிளைம் போனஸ் 50 சதவீதம் என்று இருந்தது. தொடர்ந்து ஐந்து வருஷம் கிளைம் வாங்காதவருக்குத்தான் அது கிடைக்கும். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தோம். வேகத்துக்கான அபராதம் ஒன்றுகூட இல்லை. முன்னால் வைத்திருந்தவர் எப்படி ஓட்டினார் என்பதற்கு இந்த இரண்டையும்விட நல்ல நற்சான்றிதழ் கிடையாது.

பையனுக்குப் பிடிக்கவில்லை. "பெரியம்மா, இது டாக்சி வண்டி. ஃபிரண்ட்ஸ் சிரிப்பாங்க" என்றான். அவனுக்கு உயரமான எஸ்.யு.வி. மேல் ஆசை. இயற்பியல் சார்தான் விளக்கினார். உயரமான வண்டிக்கு ஈர்ப்பு மையமும் உயரத்தில் இருக்கும். வேகத்தில் திடீரென்று ஸ்டியரிங்கை ஒடித்தால், தாழ்வான வண்டியைவிட அது கவிழ வாய்ப்பு அதிகம். இ.எஸ்.சி. என்ற கருவி உள்ள வண்டியானால், சறுக்கும்போது தேவையான சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து நேராக்கும். அது இந்த எட்டியோஸில் இல்லை. ஆறு லட்சத்துக்குள் அது உள்ள சுத்தமான வண்டி எங்களுக்குக் கிடைக்கவும் இல்லை. உங்கள் கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால், சன்ரூஃபுக்குக் கொடுக்காமல் இ.எஸ்.சி.க்குக் கொடுங்கள்.

ஐந்தே கால் லட்சத்துக்குப் பேசி முடித்தோம். மீதியை ஸ்பீக்கருக்குச் செலவழிக்க விடவில்லை. நாலு டயரும் புதிது, முன் பிரேக் டிஸ்க்கும் பேடும் புதிது, பிரேக் ஆயில் மாற்றம், அலைன்மென்ட். வேகமாக ஓட்டுகிறவனுக்கு முதல் செலவு நிறுத்துவதற்கு, ஓடுவதற்கு இல்லை. ஃபாரம் 29, 30 கொடுத்து பெயர் மாற்றினோம். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

இந்த வண்டியில் மீட்டர் டிரைவருக்கு நேராக இல்லாமல் டேஷ்போர்டின் நடுவில் இருக்கிறது. பையனுக்கு அது ஒரு குறை. என் தங்கைக்கு அதுதான் பெரிய நிறை, பக்கத்தில் உட்கார்ந்தபடியே வேகத்தைப் பார்க்கலாம்!

இனிமேல் எழுதப்போவதுதான் முக்கியம். நல்ல வண்டி வாங்கியாயிற்று என்று நிம்மதியாகத் தூங்கலாமா என்று தங்கை கேட்டாள். இயற்பியல் சார் ஒரு தாளை எடுத்தார். பையனையும் உட்கார வைத்தோம்.

அந்த நட்சத்திரச் சோதனையில் கார் மோதும் வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். நாலு என்றாலும் ஐந்து என்றாலும் 64இல்தான். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 100இல் அது கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. 120இல் மூன்றரை மடங்கு. அந்த வேகத்தில் யாரும் நட்சத்திரம் கொடுத்ததில்லை. அதுவும் சோதனையில் மோதுவது, எதிரில் வரும் கார் போலச் செய்த ஒரு தடுப்பில். நம் வேலூர் - ஆம்பூர் சாலையில் ராத்திரி பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி அப்படி இல்லை. காரின் மூக்கு லாரிக்கு அடியில் நுழைந்துவிடும். லாரியின் பின்பக்கம் நேராகக் கண்ணாடிக்கு வரும். ஏர்பேக் அங்கே என்ன செய்யும்?

வண்டி எவ்வளவு உயர்ந்தது என்பதும் தனியாகக் காப்பாற்றாது. டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4ஆம் தேதி பால்கர் மாவட்டத்தில் இறந்தது நினைவிருக்கும். மெர்சிடிஸ் கார். ஆற்றுப் பாலத்தின் தடுப்பில் மோதியது. முன் சீட்டில் இருந்த இருவர் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின் சீட்டில் இருந்த இருவர் இறந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. அதனால் எங்கள் வீட்டில் இப்போது பின் சீட்டில் ஏறினாலும் பெல்ட். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கசங்கும் என்று சொல்லும் அத்தைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

பிறகு சார் இன்னொரு கணக்குப் போட்டார். காய்ந்த சாலை, நல்ல டயர், நல்ல பிரேக். குறுக்கே யாரோ வருவதைப் பார்த்து, மனசு சொல்லி, கால் பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி. 80இல் வரும் வண்டி மொத்தம் சுமார் 70 மீட்டரில் நின்றுவிடும். 120இல் வரும் வண்டி, பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 50 மீட்டர் ஓடிவிடும். முதல் வண்டி நின்ற அதே இடத்தில் இரண்டாவது வண்டியின் வேகம் எவ்வளவு இருக்கும் என்று பையனிடம் கேட்டார். "நாப்பது இருக்கும் சார்" என்றான். சார் போட்டுக் காட்டிய விடை 105. நானும் இரண்டு தடவை சரிபார்த்தேன். 105தான்.

பையன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்று கேட்டேன். "சாயந்திரம் ஷூ கம்பெனி விட்டதும் யாருடா ரோட்டைக் கடப்பாங்க?"

மாதனூர், விண்ணமங்கலம், மின்னூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். ஓவர்கோட்டைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு, டிபன் பாக்ஸோடு, பஸ்ஸைப் பிடிக்க அவசரமாகப் போகும் பெண்கள். அதில் எத்தனை பேர் என்னிடம் படித்தவர்கள்! இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களிலும் இருப்பீர்கள். அவன் கொண்டுபோகும் சாம்பிள் ஷூவைத் தைத்ததும் அவர்கள்தான். காருக்குள் இருப்பவனுக்கு பெல்ட் இருக்கிறது, ஏர்பேக் இருக்கிறது, கெட்டியான கூடு இருக்கிறது. ரோட்டைக் கடக்கிறவளுக்கு இருப்பது அவன் வலது கால் ஒன்றுதான். எந்தக் கன்சல்டிங்கிலும் அதைப் பார்த்து வாங்க முடியாது.

அவன் திருந்திவிட்டான் என்று எழுத மாட்டேன். இருபது நாள் கழித்து மெக்கானிக்கிடம் போய், "அண்ணா, இந்தக் கத்துற சத்தத்தை மட்டும் கட் பண்ணிடுங்க" என்று கேட்டிருக்கிறான். "டீச்சருக்குப் பதில் சொல்ல என்னால முடியாதுப்பா" என்று இவன் திருப்பி அனுப்பிவிட்டான். பிறகு நான் இன்னொரு யோசனை சொன்னேன். பாஸ்டேக்கில் அவன் அம்மாவின் போன் எண்ணைக் கொடுக்கச் சொன்னேன். முறைத்தான், பிறகு கொடுத்தான். பள்ளிகொண்டா டோல் தாண்டினால் தங்கைக்கு ஒரு மெசேஜ், வாலாஜா டோல் தாண்டினால் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அவனே மீட்டர் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறான். தூரம், நேரம், வேகம். நாலாம் வகுப்புக் கணக்கு. தங்கை எட்டாவதோடு நிறுத்தியவள், காலண்டர் தாளின் பின்பக்கம் ஒவ்வொரு பயணத்துக்கும் வகுத்துப் போட்டு வைக்கிறாள். முதல் வாரம் 112 வந்தது. போன வாரம் 91. மழை பெய்த அன்று 78. அவள் அதைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. தாளை சாப்பாட்டு மேஜை மேல் வைத்துவிடுகிறாள், அவ்வளவுதான்.

ஆம்பூரிலிருந்து வேலூருக்குச் சுமார் 50 கிலோமீட்டர். 120இல் போனால் 25 நிமிஷம், 90இல் போனால் 33 நிமிஷம். எட்டு நிமிஷம் மிச்சம். ஒரு டீ குடிக்கும் நேரம்.

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பதிவை போனில் சேமித்துக்கொள்ளுங்கள். தயாரித்த மாதம், வருஷம்; ஏர்பேக் விளக்கு; டயரின் நாலு இலக்கம்; பெல்ட்டின் கடைசி ஓரடி; பீடிங் ரப்பருக்கு அடியில் வெல்டிங்; நோ கிளைம் போனஸ்; அபராதப் பட்டியல். இந்த ஏழையும் பார்க்க ஒரு மணி நேரம் போதும். பார்க்க விடமாட்டேன் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். நல்ல மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், அவருக்கு உரிய கூலியைக் கொடுங்கள்.

வண்டி வாங்கியவர்கள் கமெண்ட்டில் எழுதுங்கள். யார் வண்டியில் ஏறினாலும் டீச்சர் முதலில் பெல்ட்டைத்தான் தேடுவேன், அது சீட்டுக்கு அடியில் புதைந்து கிடந்தால் எடுத்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். அன்புடன், உங்கள் டீச்சர்.